ஆடிப்பட்டம் தைப்பிங்கில் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் தைப்பிங் வாசகி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆடி பிறந்ததும் ஒரு பாக்கெட் நீர்ப்பூசணி விதை வாங்கிப் போட்டாராம். பத்தில் மூன்றுதான் முளைத்ததாம். கொடி மட்டும் கூரை வரைக்கும் ஏறியதாம். பூவாகப் பூத்துப் பூவாகவே உதிர்ந்துபோய், கடைசியில் ஆயுத பூசைக்குத் திருஷ்டி கழிக்கக் கடையில்தான் காய் வாங்கினாராம். விதை விற்கிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

விதைக்காரருக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. ஆனாலும் அந்த அம்மா சொன்னதை வரிவரியாகப் படித்துப் பார்த்தால் விதையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பழமொழியை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு வயது 68. ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பதினேழு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள். 2003-இல் தோட்டத்தில் பால்மரம் எல்லாம் சாய்ந்து எண்ணெய்க்கான செம்பனை வந்தபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தோம். வீட்டுக்குப் பின்னால் எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் சாக்கடை. அந்த எட்டடியில்தான் என் பந்தல். நீர்ப்பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் என்று ஏதாவது ஒன்று வருஷம் முழுக்க அதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் பெரியவர்கள் சொன்னது தமிழ்நாட்டு வானத்தைப் பார்த்து. அங்கே ஆடியில் விதைத்தால் பின்னால் வருகிற மழை பயிரைத் தூக்கிவிடும். இங்கே மலேசியாவில் மழைக்கு எந்த மாதமும் விடுமுறை கிடையாது. ஆனால் கூடுதல் குறைச்சல் உண்டு. நம் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல், மே ஒரு கனமழை, அக்டோபர், நவம்பர் இன்னொரு கனமழை. நீர்ப்பூசணி விதைத்து ஐம்பது, அறுபது நாளில் பூக்கும். ஆடி பிறக்கும்போது, அதாவது ஜூலை நடுவில் விதைத்தால் செப்டம்பர் நடுவில் பூ ஆரம்பிக்கும். அது காயாகிற நேரத்துக்குச் சரியாக வானம் கொட்ட ஆரம்பிக்கும். அதிலும் தைப்பிங்! தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்கிற ஊர். காலையில் விரிந்த பூவில் ஒரு மழை விழுந்தால் மகரந்தம் கரைந்து ஓடிவிடும், வண்டும் வெளியே வராது. பூ உதிராமல் என்ன செய்யும்?

என் மாமியார் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். வைகாசி முடிவதற்குள் ஒரு முறை, மார்கழிக் கடைசியில் ஒரு முறை. வைகாசியில் போட்டது ஆகஸ்ட் வெயிலில் பூத்து ஆயுத பூசைக்கு முற்றிவிடும். மார்கழியில் போட்டது பிப்ரவரிக் கடைசி, மார்ச் வெயிலில் பூத்துச் சித்திரைக்கு வந்துவிடும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளப் பட்டியலில் கைநாட்டுதான். ஆனால் நம் இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டிய ரசீதுகளையெல்லாம் மாதவாரியாகக் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தவர். கணக்கில் ஏமாற மாட்டார்.

சரி, முளைப்புக்கு வருகிறேன். பத்தில் மூன்று என்பது நீர்ப்பூசணியைப் பொறுத்தவரை அதிசயம் இல்லை. வெள்ளரி விதை மாதிரி மூன்று நாளில் தலை நீட்டுகிற சாதி இல்லை இது. ஓடு தடிப்பு. நான் செய்வது இதுதான்: விதையின் கூரான முனையை நகவெட்டியால் ஒரு துளி நறுக்குவேன். உள்ளே இருக்கும் பருப்பில் படக்கூடாது, 'டிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். குக்கரின் மேலே வேண்டாம், ஒரு தடவை அவித்தே விட்டேன். தினமும் துணியைப் பிரித்துக் காற்றுக் காட்டி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐந்தாம் நாளில் ஒன்று, எட்டாம் நாளில் இரண்டு, பன்னிரண்டாம் நாளில் இன்னொன்று என்று அதது தன் இஷ்டத்துக்கு வெள்ளை வேர் விடும். பொறுமை இல்லாதவர்கள் ஆறாம் நாளே துணியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

வேர் விட்டதை நேரே மண்ணில் வைப்பது உத்தமம். கொடி வகை எல்லாவற்றுக்கும் வேரைத் தொட்டால் கோபம் வரும். நத்தைத் தொல்லை இருப்பவர்கள் பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கிண்ணம் மாதிரி செய்து, அதில் மண் நிரப்பி வளர்த்து, இரண்டு நிஜ இலை விட்டதும் தாளோடு புதைத்துவிடலாம். தாள் மட்கிவிடும்.

உங்கள் பத்திரிகையால் எனக்கு இன்னொரு பெரிய உபகாரமும் இருக்கிறது. பழ ஈ என்று ஒன்று, பிஞ்சாக இருக்கும்போதே ஊசி மாதிரி குத்தி முட்டை வைத்துவிட்டுப் போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே முழுக்கப் புழு நெளியும். பாகலும் புடலும் இதனாலேயே கோணிக்கொண்டு, வெம்பிப் பழுத்து விழும். அதற்கு மருந்தடிக்கத் தேவையே இல்லை. பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே பத்திரிகைத் தாளைப் பையாக மடித்து மாட்டி, மேலே ஸ்டேப்ளர் ஊசி போட்டுவிட்டால் போதும். புடலுக்கு நீளப் பை வேண்டும், அதற்கு நடுப்பக்கத்தை விரித்தால் சரியாக இருக்கும். அரசியல் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் பக்கமாகப் பார்த்து எடுப்பேன். ஈ கிட்டவே வருவதில்லை. நகைச்சுவைக்குச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: தாளை வழுவழுப்பாக மாற்றிவிடாதீர்கள். ஞாயிறு இணைப்பின் பளபளப்புத் தாளில் மாட்டினால் உள்ளே வேர்த்துக் காய் அழுகிவிடுகிறது.

அந்த அம்மாவின் பூ விஷயத்துக்குத் திரும்புகிறேன். மழை ஒரு காரணம். இன்னொன்று, கொடி கூரை வரைக்கும் ஏறியது என்று பெருமையாக எழுதியிருக்கிறாரே, அங்கேயே எனக்குச் சந்தேகம். கோழி எருவை அள்ளிக் கொட்டியிருப்பார். இலை யானைக்காது மாதிரி வரும், காய் வராது. மூன்றாவது, முதல் இரண்டு வாரம் வருகிற பூவெல்லாம் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும், உதிர்வதுதான் அதன் வேலை. பெண் பூவுக்குக் கீழே கட்டைவிரல் கணு அளவுக்கு ரோமத்தோடு ஒரு குட்டிப் பூசணி இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். இதைப் பார்க்கத் தெரியாமல் எத்தனையோ பேர் கொடியை நோயாளி என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நாங்கள் ஒருநாளும் பூவைக் கையால் தொட்டதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போய்விடுவோம், பால் எடுத்துவிட்டு மதியம் திரும்பும்போது பூ மூடியிருக்கும். நடுவில் தேனீ வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். அதற்குச் சம்பளமும் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் இல்லை. தாமானுக்கு வந்த முதல் வருஷம் எனக்கும் தைப்பிங் அம்மாவுக்கு ஆனதேதான் ஆயிற்று. சுற்றிலும் சிமெண்டுத் தரை, டெங்கிக்காக அடிக்கடி கொசுப் புகை. தேனீயைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஒரு கொடியில் பதினொரு பெண் பூ வந்து பதினொன்றும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. உட்கார்ந்து அழாத குறை.

இப்போது நானே தேனீ. காலையில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பின்பக்கம் போவேன். ஓர் ஆண் பூவைப் பறித்து, மஞ்சள் இதழைச் சுற்றிவர உரித்துப் போட்டால் நடுவில் தண்டு மட்டும் நிற்கும், அதில் மாவு மாதிரி மகரந்தம். பெண் பூவுக்குள்ளே மூன்று மடலாக, ஈரமாக ஒரு குமிழ் இருக்கும். அதன்மேல் இந்தத் தண்டை மெதுவாகத் தடவ வேண்டும். மடலில் மஞ்சள் தூள் ஒட்டியது தெரிந்தால் போதும். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும். மழை வரும்போல இருந்தால் பெண் பூவுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து வைப்பேன். மூன்று, நாலு நாளில் குட்டிக்காய் தலையைக் கீழே தொங்கப் போட்டுப் பளபளவென்று பெருத்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

சுரைக்கும் பீர்க்குக்கும் காலையில் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள். சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விரியும், பீர்க்கும் அப்படித்தான். சாமிக்கு விளக்கு ஏற்றிவிட்டு, அதே கையோடு டார்ச் எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் முதலில் பயந்துபோனாள், கிழவி இருட்டில் பூவோடு என்ன மந்திரம் பண்ணுகிறாள் என்று. இப்போது அவளே டார்ச் பிடிக்கிறாள். நீர்ப்பூசணியை அவர்கள் 'குண்டூர்' என்பார்கள். ஒரு காயில் பாதி அவளுக்குப் போகும்.

சுரை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. சில மாதத்துக்கு முன் உங்கள் மருத்துவக் குறிப்பில் சுரைக்காய்ச் சாறு வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லிப் போட்டிருந்தீர்கள். கசந்தால் துப்பிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கசக்கும் சுரை விஷம். சாறு குடித்து இந்தியாவில் ஆள் செத்து, அவர்களின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே கசக்கும் சாற்றைக் குடிக்காதே என்று எச்சரித்திருக்கிறது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் சட்டியைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பாகலுக்குப் பக்கத்தில் சுரை நட்டதால் கசந்துவிட்டது என்று எங்கள் தெருவில் ஒருவர் சாதிக்கிறார். பாகல் தூரத்துச் சொந்தம் மாதிரி, சுரையோடு சேரவே சேராது. கசப்பு சுரையின் சொந்த ரத்தத்திலேயே வருவது. அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்கக்கூடாது.

இப்போது விதை. இதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுத ஆரம்பித்தேன்.

பாக்கெட்டில் எஃப்-1 என்று போட்டிருந்தால் அது கலப்பின விதை. காய் நன்றாகவே வரும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காயின் விதையைப் போட்டால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது. ஒவ்வொரு தடவையும் கடைக்குத்தான் போகவேண்டும். என் மாமியாரின் விதை அப்படி இல்லை. அவருடைய மாமியார் லயத்தில் போட்டது, அதற்கு முன்னால் யாரோ. மைலோ டின்னில் ரப்பர்க்கட்டை அடுப்புச் சாம்பலோடு கலந்து, அடுப்பங்கரைப் பரணில் இருக்கும். காய் உருண்டை, காம்புப் பக்கம் லேசாகச் சப்பை, யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி. விதையின் ஓரத்தில் தையல் போட்டது போல ஒரு விளிம்பு. மாமியார் 1996-இல் தவறிவிட்டார். வீடு மாறும்போது அந்த டின்னை நான் பெட்டிக்கு அடியில் வைத்து, லாரியில் மழை நனைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது பச்சைப் பூஞ்சை பிடித்திருந்தது. பரண் இல்லாத வீடு, அடுப்புப் புகை இல்லாத வீடு. தப்பு என்னுடையதுதான்.

ஆறு வருஷம் பாக்கெட் விதைதான் போட்டேன். அப்புறம் ஒருநாள் பட்டணத்துக் காலைச் சந்தையில், புதுக்கிராமத்திலிருந்து வந்து காய் விற்கும் ஒரு சீனப் பெரியவரின் சாக்கில் அந்தத் தலையணையைப் பார்த்தேன். அதே சப்பை. கீற்றுப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். விதைப்பக்கத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று நகத்தால் ஒரு விதையைக் கீறிப் பார்த்தேன். ஓரத்தில் தையல். எங்கிருந்து விதை என்று கேட்டதற்கு 'பெனே லாமா, அம்மா' என்றார். பழைய விதையாம். அவருடைய அப்பா காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் வாங்கியதாம். எந்தத் தோட்டம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வேறு தோட்டத்தின் பேரைச் சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

கீற்றில் இருந்த விதை முளைக்குமோ முளைக்காதோ என்று ஒரு முழுக்காயாகவே கேட்டு வாங்கினேன். 9 கிலோ. மோட்டாரின் முன்கூடையில் வைத்துக் கொண்டுவந்த மகன், இதற்கு ஹெல்மெட் போடவேண்டுமா என்று கேட்டான். உடனே வெட்டவில்லை. நீர்ப்பூசணி விதைக்காகக் காயை வெட்டுவதில் அவசரம் கூடாது. மேலே ரோமம் எல்லாம் கொட்டி, விபூதி பூசின மாதிரி சாம்பல் படிந்து, காம்பு காய்ந்தபின் பறித்த காயைக்கூட இரண்டு மாதம் சும்மா வைத்திருக்க வேண்டும். விதை உள்ளேயே முற்றும். பறித்த கையோடு எடுத்த விதை தூங்குமூஞ்சி, எழுப்பினாலும் எழாது. சமையலறை மூலையில் கோணி மேல் உட்கார்த்தி வைத்தேன். பேரப்பிள்ளை அதற்குக் கண், மூக்கு வரைந்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து வெட்டும்போது எனக்கே பாவமாக இருந்தது.

விதையைக் கழுவி, விரலால் அழுத்திப் பார்த்து, சப்பையாக இருப்பதைத் தள்ளிவிட்டுப் பீங்கான் தட்டில் நிழலில் காயவைத்தேன். இதற்கு மட்டும் பத்திரிகைத் தாள் ஆகாது, ஒட்டிக்கொள்ளும். சதையில் பாதி மோர்க்குழம்பு, பாதி அல்வா. இப்போது சாம்பலுக்கு எங்கே போவது? ஊதுவத்திச் சாம்பலையும், கோயில் பொங்கல் அடுப்பில் வாங்கிவரும் சாம்பலையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். மைலோ டின் மட்டும் மாறவில்லை. மூடியை இறுக்கி வைத்தால் மூன்று, நாலு வருஷம் தாங்கும். ஆனால் நான் வருஷா வருஷம் போட்டுப் புதுப்பித்துவிடுவேன். ஒரே டின்னில் எல்லாவற்றையும் வைத்துப் பறிகொடுத்தவள் என்பதால், இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: என் வீட்டில், மலாய்க்காரப் பெண் வீட்டு ஃப்ரிட்ஜில், பிறகு அந்தச் சீனப் பெரியவரிடம். அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். போன வருஷ மழையில் அவருடைய கொடி அழுகிப்போய் விதை இல்லாமல் இருந்தார்.

தைப்பிங் அம்மாவுக்கு: உங்கள் முகவரி எனக்குத் தெரியாது. முத்திரை ஒட்டிய உறையில் உங்கள் விலாசத்தை எழுதி ஆசிரியருக்கு அனுப்பினால், அவர் தயவு செய்து என்னிடம் சேர்ப்பிக்கட்டும். எட்டு விதை வைத்து அனுப்புகிறேன். நாலு போதும், நாலு நத்தைக்கு. மார்கழிக் கடைசியில் ஊறப்போடுங்கள், கோழி எருவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் காயைத் தின்றுவிட வேண்டாம், அதுதான் விதைக்காய். இரண்டாவதைத் தின்னுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்